256 முகவரிகள்: யூடியூப் வழிதவறிய இரண்டேகால் மணி நேரம்

2008 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. யூடியூப் அலுவலகம் இருக்கும் கலிஃபோர்னியாவில் காலை 10:47. பாகிஸ்தானில் இரவு 11:47. நம் ஊரில் நள்ளிரவு தாண்டி 17 நிமிடம். அந்த நேரத்தில் பாகிஸ்தான் டெலிகாமின் ரூட்டரிலிருந்து (நெட்வொர்க்குகளுக்கு இடையே தகவலுக்கு வழிகாட்டும் கருவி) பக்கத்து நெட்வொர்க்குக்கு ஒரு சின்னச் செய்தி போனது: "208.65.153.0/24 தொகுதிக்குப் போகும் பாக்கெட்டுகளை என்னிடம் கொடுங்கள்."

பாக்கெட் என்பது இணையத்தில் போகும் தகவலின் சிறு பொட்டலம். அந்தத் தொகுதியில் இருப்பவை 256 முகவரிகள். அவை யூடியூபுக்குச் சொந்தமானவை. பிரவுசரில் யூடியூப் என்று தட்டினால் அன்று கிடைத்த மூன்று முகவரிகளும் அதற்குள்தான் இருந்தன. செய்தி கிளம்பிய சில நிமிடங்களில் உலகின் பல மூலைகளில் இருந்த ரூட்டர்கள், யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகளைப் பாகிஸ்தான் பக்கம் திருப்பிவிடத் தொடங்கின. அங்கே போய்ச் சேர்ந்தவை அப்படியே கைவிடப்பட்டன. 2 மணி 14 நிமிடம் இது நீடித்தது.

யாரும் எந்த சர்வருக்குள்ளும் நுழையவில்லை. பாஸ்வேர்டு திருடப்படவில்லை, வைரஸ் இல்லை. யூடியூபின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நலமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வரும் பாதைதான் ஊரெங்கும் மாற்றி எழுதப்பட்டிருந்தது.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் நடத்தும் பாடம் இந்த நிகழ்வுதான். இதைவிடப் புதிய, இதைவிடப் பெரிய சம்பவங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் ஐ.பி. முகவரி, சப்நெட் என்னும் முகவரித் தொகுதி, ரூட்டிங் என்னும் வழிகாட்டல், நம்பிக்கை, பாதுகாப்பு என்று நம் துறையின் அரிச்சுவடி முழுவதும் இந்த இரண்டேகால் மணி நேரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. தவிரவும், என்ன நடந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி., உலகெங்கும் பறக்கும் ரூட்டிங் அறிவிப்புகளைச் சேகரித்து வைக்கிறது. அன்று யார், எந்த நிமிடத்தில், என்ன அறிவித்தார்கள் என்பது பதிவாகிவிட்டது.

உத்தரவும் அதை நிறைவேற்றிய விதமும்

அதற்கு இரண்டு நாள் முன்பு, பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நாட்டின் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மத உணர்வைப் புண்படுத்துவதாகக் கருதப்பட்ட ஒரு காணொளியைத் தடுக்கச் சொன்ன கடிதம் அது. காணொளியின் முகவரியோடு மூன்று ஐ.பி. எண்களும் அதில் இருந்தன. மூன்றும் 208.65.153 என்று தொடங்கி 238, 251, 253 என்று முடிபவை.

ஒரு நாட்டுக்குள் ஓர் இணையதளத்தை எப்படித் தடுப்பது என்பது கொள்கை சார்ந்த விவாதம். அதற்குள் நான் போகவில்லை. இன்ஜினியர் மேசைக்கு அந்தக் கடிதம் வந்த பிறகு நடந்ததுதான் நம் பாடம்.

இப்படித் தடுக்க ஒரு வழக்கமான முறை உண்டு. ரூட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதி வைக்கும் நிலையான வழி, எழுதுவார்கள்: இந்த முகவரிகளுக்கு வரும் எதையும் 'நல்' இன்டர்ஃபேஸுக்கு அனுப்பு. நல் என்பது ரூட்டருக்குள் இருக்கும் அடியில்லாக் கிணறு. உள்ளே போட்டது திரும்பாது. எங்கள் பேச்சில் இதை 'பிளாக்ஹோல் பண்றது' என்போம். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான ரூட்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் போய் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஓரிடத்தில் எழுதி, ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் மொழியான பி.ஜி.பி. வழியாக மற்ற ரூட்டர்களுக்குப் பரப்பிவிடுவார்கள். இதில் ஒரு தவறும் இல்லை. இன்றும் டி-டாஸ் தாக்குதல் (பல இடங்களிலிருந்து போக்குவரத்தைக் கொட்டி ஒரு சேவையைத் திணறடிப்பது) வரும்போது இதையேதான் செய்கிறோம்.

பரப்பும்போது ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். 'நோ எக்ஸ்போர்ட்' என்று அதற்குப் பெயர். இந்த ரூட் நம் வேலிக்குள்ளேயே சுற்றட்டும், வெளி நெட்வொர்க்குக்குச் சொல்லாதே என்று பொருள். 1996-இலிருந்தே தரநிலையில் இருக்கும் வசதி அது. அல்லது வெளி நெட்வொர்க்கோடு பேசும் செஷனில் (இரண்டு ரூட்டர்களுக்கு இடையிலான பி.ஜி.பி. தொடர்பு) நம்முடைய முகவரிகளை மட்டும் அறிவிக்கச் சொல்லி ஃபில்டர் போட வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்று வேலை செய்திருந்தாலும் அந்த அறிவிப்பு எல்லையைத் தாண்டியிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடிதத்தில் இருந்தவை மூன்று முகவரிகள். வெளியே போன அறிவிப்பில் இருந்தவை 256. மூன்றையும் தனித்தனியாக, ஒற்றை முகவரிகளாகத் தடுத்திருந்தால், கசிந்திருந்தாலும் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்றிருக்காது. /24-ஐவிடச் சிறிய, அதாவது 256-க்கும் குறைவான முகவரிகள் கொண்ட, துண்டுகளை வெளியாரிடமிருந்து வாங்குவதில்லை என்பது ரூட்டிங் உலகின் பொது வழக்கம். சரியாக அந்த வழக்கம் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவிலேயே கசிந்ததுதான் துரதிர்ஷ்டம்.

யூடியூபுடையதை விட்டுவிட்டு இதை ஏன் நம்பினார்கள்?

அன்று யூடியூபும் தன் முகவரிகளை உலகுக்கு அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் அறிவிப்பு 208.65.152.0/22. பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பு 208.65.153.0/24. உண்மையான உரிமையாளரின் சொல் ஒருபுறம், சம்பந்தமில்லாதவரின் சொல் மறுபுறம். ரூட்டர்கள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டன.

காரணத்தைப் பார்க்க எண்களைக் கொஞ்சம் பிரித்துப் போட வேண்டும். ஐ.பி.வி.4 எனப்படும் இந்த வகை ஐ.பி. முகவரி என்பது 32 பிட்டுகள் (0 அல்லது 1), நான்கு எட்டுகளாக எழுதப்படுவது. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முதலிலிருந்து எத்தனை பிட்டுகள் மாறாமல் நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. மூன்றாவது எட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 152 என்பது பைனரியில் 10011000. 153 என்பது 10011001. 154 என்பது 10011010. 155 என்பது 10011011. நான்கிலும் முதல் ஆறு பிட்டுகள் ஒன்றே: 100110. முன்னால் இருக்கும் இரண்டு எட்டுகளின் 16 பிட்டுகளோடு இந்த ஆறையும் சேர்த்தால் 22. அதனால்தான் /22. கடைசியில் எஞ்சுவது 10 பிட்டுகள், அதாவது 1,024 முகவரிகள், 152.0 முதல் 155.255 வரை. அந்த நான்கு துண்டுகளில் இரண்டாவது துண்டுதான் 153. அது /24.

ஒரு பாக்கெட் 208.65.153.238-க்குப் போகிறது. ரூட்டரின் பட்டியலில் /22-ம் பொருந்துகிறது, /24-ம் பொருந்துகிறது. இரண்டு பொருந்தினால் அதிகப் பிட்டுகள் பொருந்துவதையே எடு என்பது ரூட்டருக்குச் சொல்லப்பட்ட விதி. இதில் விலக்கே இல்லை. யார் சொன்னார்கள், எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு என்ற கேள்விகளெல்லாம் ஒரே நீளமுள்ள, அதாவது சாய்கோட்டுக்குப் பின் ஒரே எண் கொண்ட, இரண்டு அறிவிப்புகளுக்கு இடையில்தான் எழும். நீளம் வேறுபட்டால் நீளமானது ஜெயிக்கும், அவ்வளவுதான்.

தபால் பிரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். '600-இல் தொடங்கும் பின்கோடு எல்லாம் இந்தப் பைக்கு' என்று ஒரு குறிப்பு. '600 004 மட்டும் அந்தப் பைக்கு' என்று இன்னொரு குறிப்பு. மயிலாப்பூர்க் கடிதம் கையில் வந்தால் அவர் இரண்டாவதைத்தான் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும். தெளிவாகக் குறிப்பிட்டவர் அந்த இடத்தைப் பற்றிக் கூடுதலாக அறிந்தவர் என்பது நியாயமான அனுமானம். இணையம் முழுவதும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. இரண்டாவது குறிப்பை எழுதியவர் மயிலாப்பூர்க்காரரா என்று கேட்க மட்டும் அந்தப் பிரிப்பு மேசையில் இடமில்லை.

ஊரார் சொல்வதைக் கேட்டு வழி சொல்லும் முறை

இணையம் ஒரே நெட்வொர்க் இல்லை. பல்லாயிரம் தனி நெட்வொர்க்குகளின் கூட்டு அது. ஒவ்வொன்றுக்கும் ஏ.எஸ். எண் என்று ஓர் அடையாளம் உண்டு. பாகிஸ்தான் டெலிகாம் ஏ.எஸ். 17557. யூடியூப் அன்று ஏ.எஸ். 36561. ஹாங்காங்கைச் சேர்ந்த பி.சி.சி.டபிள்யூ. குளோபல் ஏ.எஸ். 3491. பாகிஸ்தான் டெலிகாமை உலகத்தோடு இணைத்த அப்ஸ்ட்ரீம்களில், அதாவது மேல்நிலைச் சேவை நிறுவனங்களில், அதுவும் ஒன்று.

இவர்கள் ஒருவரோடொருவர் பேசும் மொழிதான் பி.ஜி.பி. 1989 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின்போது கர்க் லூகீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த கைத்துடைப்புத் தாள்களில் வரைந்து உருவாக்கியது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "இந்த முகவரிகள் என் வழியாகக் கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நம்பினார். அவர் தன் பக்கத்துக்காரரிடம் தன் எண்ணையும் சேர்த்துச் சொன்னார். செய்தி கைமாறக் கைமாற ஏ.எஸ். எண்களின் சங்கிலி நீண்டது. இன்றும் முறை இதுவேதான். சொல்பவருக்கு அந்த முகவரி சொந்தமா என்று சோதிக்கும் ஏற்பாடு பி.ஜி.பி.யின் உடம்பிலேயே கிடையாது. சோதிக்க நினைத்தால் வெளியிலிருந்து நாம்தான் சேர்க்க வேண்டும்.

இதன் ஆபத்து 2008-இல் ஒன்றும் புதிதாகத் தெரிந்ததில்லை. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் ஏ.எஸ். 7007 என்ற சின்ன நெட்வொர்க்கின் ரூட்டர், உலகின் ரூட்டுகளை /24 துண்டுகளாக உடைத்துத் தன்னுடையவை போல வெளியே சொன்னது. அன்றும் சின்னத் துண்டு பெரிய துண்டை வென்றது, அன்றும் இணையம் தடுமாறியது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் அதே கதவு அதே அளவு திறந்திருந்தது.

அந்த இரண்டேகால் மணி நேரம்

உலகப் பொது நேரப்படி சொல்கிறேன். 18:47-க்கு அறிவிப்பு வெளியாகிறது. பி.சி.சி.டபிள்யூ. அதை ஏற்றுத் தன் பக்கத்து நெட்வொர்க்குகள் எல்லாவற்றுக்கும் பரப்புகிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டது.

யூடியூபின் முதல் பதிலடி 20:07-க்கு. ஒரு மணி 20 நிமிடம் ஆகியிருக்கிறது. இந்தத் தாமதத்தை வெளியிலிருந்து குறை சொல்வது எளிது. சர்வர் நன்றாக இருக்கிறது, லிங்க் நன்றாக இருக்கிறது, போக்குவரத்து மட்டும் விழுந்துவிட்டது என்னும் நிலையில் முதல் சந்தேகம் எப்போதும் தன் வீட்டின் மேல்தான் விழும். நம் முகவரியை உலகம் எங்கே தேடுகிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் பழக்கம் அன்று பலரிடம் இல்லை.

20:07-க்கு யூடியூப் தானும் 208.65.153.0/24 என்று அறிவித்தது. இப்போது இரண்டு அறிவிப்புகளும் ஒரே நீளம். போட்டி சமமாயிற்று, ஆனால் முடியவில்லை. நீளம் ஒன்றானால் ரூட்டர் அடுத்த அளவுகோல்களுக்குப் போகும். அவற்றில் முன்னால் நிற்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்த விருப்பம். சேவை நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து வந்த ரூட்டுக்கே முதலிடம் தரும், ஏனென்றால் அந்த வழியில் போகும் போக்குவரத்துக்குப் பணம் வரும். அதன் பிறகுதான் ஏ.எஸ். சங்கிலியின் நீளம் பார்க்கப்படும். யூடியூபுக்கு அருகில் இருந்தவர்கள் யூடியூபிடம் திரும்பினார்கள். பாகிஸ்தான் டெலிகாம் பக்கம் அருகில் இருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். உலகம் இரண்டாகப் பிரிந்தது.

பதினோரு நிமிடம் கழித்து, 20:18-க்கு, யூடியூப் அந்த /24-ஐ நடுவில் வெட்டி 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று 128 முகவரிகள் கொண்ட இரண்டு துண்டுகளாக அறிவித்தது. எந்த விதி தனக்கு எதிராக வேலை செய்ததோ அதே விதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. இந்த /25-ஐக் கேட்ட ரூட்டர் ஒவ்வொன்றும் உடனே யூடியூபிடம் வந்துவிடும். ஆனால் /24-ஐவிடச் சிறியதை வாங்க மாட்டோம் என்ற அந்தப் பொது வழக்கம் இங்கே யூடியூபுக்குக் குறுக்கே நின்றது. எல்லா ரூட்டரும் இதைக் கேட்கவில்லை.

20:51-க்குப் பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பில் 17557 என்ற எண் இரண்டு முறை வரத் தொடங்கியது. சங்கிலியை வேண்டுமென்றே நீளமாக்கினால் கேட்பவர்களுக்கு அந்த வழி தூரமாகத் தெரியும், இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் 21:01-க்கு, ஏ.எஸ். 17557-இலிருந்து தன் வழியாக வந்த அறிவிப்புகள் அனைத்தையும் பி.சி.சி.டபிள்யூ. திரும்பப் பெற்றது. உடனே சரியாகிவிட்டது.

யூடியூப் தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தும் பிரச்சினை பாதிதான் தீர்ந்தது. முழுதாகத் தீர்த்தது நடுவில் இருந்தவர் செய்த ஒரு காரியம். இந்த இடத்தைத்தான் மனத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

தப்பு யாருடையது

செய்தித்தாள்களில் இது 'பாகிஸ்தான் யூடியூபை முடக்கியது' என்று வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகிஸ்தான் டெலிகாமில் நடந்தது ஒரு பிழை, தவிர்த்திருக்க வேண்டிய பிழை. ஆனால் உலகில் எங்கோ ஒரு ரூட்டரில் யாரோ ஒருவர் தினமும் இப்படி ஒரு பிழை செய்துகொண்டுதான் இருப்பார். அந்தப் பிழை அவர் வாசலோடு நின்றால் அது செய்தியே இல்லை. வாசலில் நின்று கேட்டவர் அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோனதால்தான் அது நிகழ்வானது. வாடிக்கையாளரோடு செஷன் தொடங்கும்போதே, 'உன்னிடமிருந்து இந்த இந்த முகவரிகளை மட்டும் ஏற்பேன்' என்று ஃபில்டர் எழுதுவது அப்ஸ்ட்ரீமின் அடிப்படைக் கடமை. அன்று அந்த ஃபில்டர் இருந்திருந்தால் 18:47-க்கு வந்த அறிவிப்பு ஹாங்காங் நிறுவனத்தின் வாசலிலேயே விழுந்திருக்கும்.

பெரும்பழி நடுவில் இருந்தவர் மேல் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய சேவை நிறுவனத்தில், ஒரு வாடிக்கையாளர் செஷனை அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஃபில்டரை நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில் வாடிக்கையாளர் தன் இன்னொரு இணைப்பிலிருந்து கேட்ட ரூட்டுகளை எல்லாம் தவறுதலாக எங்களுக்குச் சொல்லிவிட்டார். நாங்கள் அதை மேலே சொன்னோம். ஒரு மருத்துவமனையின் இணைப்பு உட்பட எங்கள் வாடிக்கையாளர்கள் நாற்பது நிமிடம் தவித்தார்கள். மறுநாள் அந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் இளைஞர் போனில் "மன்னிச்சிடுங்க சார், என் தப்புதான்" என்றார். அவர் மன்னிப்பு கேட்கக் கேட்க எனக்குக் கூசியது. ஏற்கும் ரூட்டுகளுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு வைத்திருந்தால், அதைத் தாண்டிய நொடியே செஷன் தானாக அறுந்திருக்கும். ஒரே ஒரு வரி. அதை எழுதாதவன் நான்.

கண்ணுக்குத் தெரிந்த திருட்டும் தெரியாத திருட்டும்

2008-இல் பாக்கெட்டுகள் கிணற்றில் விழுந்தன, அதனால் எல்லோருக்கும் தெரிந்தது. பாதுகாப்பில் மூன்றைக் காக்க வேண்டும் என்று பாடம் தொடங்கும்: ரகசியம் வெளியே போகக் கூடாது, தகவல் மாறக் கூடாது, வேண்டும்போது கிடைக்க வேண்டும். அன்று போனது மூன்றாவது. ஆனால் திருப்பிவிடப்பட்ட பாக்கெட்டைக் கைவிடாமல், பார்த்துவிட்டு உரியவரிடமே அனுப்பினால் என்ன ஆகும்? அதே ஆண்டு ஆகஸ்டில் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் ஆன்டன் கபெலா, அலெக்ஸ் பிலோசோவ் இருவரும் அதைச் செய்தே காட்டினார்கள். பயனருக்கு எல்லாம் வழக்கம்போல நடக்கும். நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

2018 ஏப்ரல் 24 அன்று இது நிஜமான கொள்ளையாகவே நடந்தது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐ.பி. முகவரியைத் தரும் அமேசானின் பெயர்ச் சேவை சர்வர்கள் இருந்த முகவரித் தொகுதிகளை வேறொரு நெட்வொர்க் அறிவித்தது. அங்கும் அமேசானுடையதைவிடச் சிறிய துண்டுகள், /24. பெயரைக் கேட்டு வந்தவர்களுக்குப் பொய்யான முகவரி தரப்பட்டது. மைஈதர்வாலெட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்துக்குப் போக நினைத்தவர்கள் போலித் தளத்தில் போய் இறங்கினார்கள். ஏறக்குறைய 1.5 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் போனது.

அந்தப் போலித் தளத்திடம், தான் உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்கு நிரூபிக்கும் சரியான சான்றிதழ் இல்லை. பிரவுசர் சிவப்புப் பக்கம் காட்டி எச்சரித்தது. பணத்தை இழந்தவர்கள் அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் சொடுக்கிப் போனவர்கள். ரூட்டிங், பெயர்ச் சேவை என்று கீழே இருந்த இரண்டு அடுக்குகளும் ஏமாந்த பிறகும் சான்றிதழ் என்ற மூன்றாவது அடுக்கு தாங்கி நின்றது. வங்கித் தளம் திறக்கும்போது அப்படி ஒரு பக்கம் வந்தால், 'சர்வர் பிரச்சினையா இருக்கும், தொடரலாம்' என்று விரல் போக விடாதீர்கள் என்று என் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலி போட்ட பிறகு

வெளியிலிருந்து சேர்க்க வேண்டிய சோதனைக்கு ஆர்.பி.கே.ஐ. என்று பெயர். 2012-இல் தரநிலை ஆனது. முகவரிக்கு உரியவர், 'இந்தத் தொகுதியை இந்த ஏ.எஸ். மட்டும், இந்த நீளம் வரை அறிவிக்கலாம்' என்று ஒரு சான்றில் மின்கையொப்பம் இட்டு வைப்பார். அந்தச் சான்றுதான் ஆர்.ஓ.ஏ. மற்ற நெட்வொர்க்குகள் வரும் அறிவிப்பை அதோடு ஒப்பிட்டு, ஒவ்வாததைத் தள்ளிவிடும்.

இது எவ்வளவு உதவும் என்பதை ஒரே முகவரித் தொகுதி நமக்குக் காட்டிவிட்டது. 2021 பிப்ரவரி 5, மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாள்களில், ட்விட்டரைத் தடுக்கும் உத்தரவின்போது அந்நாட்டின் ஒரு நெட்வொர்க்கிலிருந்து 104.244.42.0/24 வெளியே கசிந்தது. யூடியூப் கதை அப்படியே மறுபடி. ட்விட்டர் அதன் பிறகு அந்தத் தொகுதிக்கு ஆர்.ஓ.ஏ. போட்டது. 2022 மார்ச் 28 அன்று ரஷ்யாவின் ஒரு நெட்வொர்க்கிலிருந்து அதே தொகுதி கசிந்தபோது, சோதிக்கும் நெட்வொர்க்குகள் அதைத் தள்ளிவிட்டன. பரவல் குறுகிப்போனது. 2024 மே மாதத்தில் உலக ரூட்டிங் பட்டியலின் ஐ.பி.வி.4 ரூட்டுகளில் பாதிக்கு மேல் இப்படிச் சான்று பெற்றுவிட்டன. நம் ஊர்ச் சிறிய கேபிள் நெட் நிறுவனங்கள்கூடத் தங்கள் முகவரிகளுக்குச் சான்று போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதையே பூட்டு என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. போன மாதம் பயிற்சி அறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே லேப்டாப்பில் நான்கு மெய்நிகர் ரூட்டர்கள். எங்கள் வசதிக்கு யூடியூப், அப்ஸ்ட்ரீம், பாகிஸ்தான், பார்வையாளர் என்று பெயர் வைத்திருந்தோம். பார்வையாளர் ரூட்டரிலிருந்து 208.65.153.238-க்கு பிங் (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் சோதனை) ஓடிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் ரூட்டரில் அந்த ஒரு வரியைத் தட்டினேன். பிங் நின்றது. திரை அப்படியே உறைந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன பெண் ஒருத்தி முன்னால் குனிந்து ரூட்டிங் பட்டியலைப் பார்த்தாள்.

"சார், எந்த ரூட்டருமே தப்பு பண்ணலையே. சொன்னதைத்தானே செஞ்சிருக்கு?"

"ஆமாம்மா. அதுதான் விஷயம்."

அடுத்து ஒரு சோதனை சர்வரில் யூடியூபுக்கு ஆர்.ஓ.ஏ. போட்டோம். 36561 மட்டும், /24 வரை. /22 வரை என்று இறுக்கியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால், ஆபத்து நேரத்தில் யூடியூபே /24 அறிவித்துத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, அதுவும் தள்ளப்படும். அதனால் தளர்த்தி வைத்தோம். பார்வையாளர் ரூட்டரில் சோதனையை இயக்கியதும், பாகிஸ்தானிலிருந்து வந்த அறிவிப்புக்குப் பக்கத்தில் 'செல்லாது' என்று விழுந்தது. பிங் மறுபடி ஓடியது. அறையில் இருந்தவர்கள் முகம் மலர்ந்தது.

அவள் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். "சார், கடைசி நம்பரைத்தானே பாக்குது? அந்த இடத்துல 36561-ன்னு நாமளே எழுதிட்டா?"

கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினேன். பாகிஸ்தான் ரூட்டரில் சங்கிலியின் கடைசியில் யூடியூபின் எண்ணைச் சேர்த்தாள். அறிவிப்பு இப்போது, 'யூடியூபுடைய முகவரிதான், என் வழியாகப் போனால் கிடைக்கும்' என்று சொன்னது. ஆர்.ஓ.ஏ. ஒத்துப்போனது. 'செல்லும்' என்று விழுந்தது. பிங் நின்றது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவளே அப்ஸ்ட்ரீம் ரூட்டருக்குள் போனாள். பாகிஸ்தான் செஷனில், அந்த வாடிக்கையாளருக்கு உரிய தொகுதிகளை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி, மற்ற எல்லாவற்றையும் மறுக்கச் சொன்னாள். மொத்தம் நான்கு வரி. செஷனைப் புதுப்பித்தாள்.

பார்வையாளர் திரையில் பிங் ஒவ்வொரு வரியாக வரத் தொடங்கியது.